முதலாளி வீட்டுக்கு எதிர்வீடு

திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் எங்களுக்குத் தனி வீடு இருந்தது. மூன்று படுக்கையறை, பத்துப் பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கக்கூடிய ஹால், பின்னால் துவைகல், அதற்கும் பின்னால் எதற்கும் உதவாமல் கிடந்த ஒரு துண்டு மண். அதை விற்றுவிட்டு ஊருக்கு நடுவே ஏழாவது மாடியில் இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். இடம் பாதியாகச் சுருங்கியது. விலை சுருங்கவில்லை.

ஏன் மாறினீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருந்த பதில்கள் எல்லாம் நியாயமானவை. ஆபீஸ் பக்கம். தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. சாயப்பட்டறை வாடை இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை, இருக்கிற மூன்று பேருக்கு அவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க ஆளில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் நிஜமான காரணம் ஆசை. நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசுவது, சாம்பிளுக்கு ஓகே வாங்குவது, ஷிப்மெண்ட் போகும்வரை எல்லோர் உயிரையும் எடுப்பது என் வேலை. என்னோடு கூட்டத்தில் உட்காருகிறவர்கள் “எங்க அபார்ட்மெண்ட்ல” என்று பேச்சை ஆரம்பிக்கும்போது நான் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பேன். கலக்குவதற்கு அதில் ஒன்றும் இருக்காது, நான் சர்க்கரை போடுவதில்லை.

அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதியாளர்கள், டாக்டர்கள், ஆடிட்டர்கள். அவர்கள் வீடுகள் எல்லாம் மூன்று, நான்கு படுக்கையறை. எங்களுடையது போன்ற சின்ன வீடுகள் மாடிக்கு ஒன்றுதான். கட்டிங்கில் மிஞ்சிய துணியில் கைக்குட்டை தைப்பது போல, பெரிய வீடுகளை அடுக்கியது போக மூலையில் மிஞ்சிய இடத்தில் கட்டியிருந்தார்கள்.

“எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. நாம தனி வளையை வித்துட்டு யானைக் கொட்டாரத்துல ஒரு மூலை வாங்கறோம்,” என்றார் என் கணவர். அவர் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறார். எந்த நிறத்தையும் இன்னொரு நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே பழகியவர். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மூன்றாவது ஆள் என் அம்மா. அப்பா இறந்தபின் எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தவள். நான்கைந்து கம்பெனி மாறி, கடைசியில் ஒன்றில் நிலைத்தாள். அங்கே இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துப் போட்டு, உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருந்தால், ஓட்டை இருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடுவாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.காம். படித்தேன். எனக்கு வேலை கிடைத்ததும், கல்யாணம் ஆனதும், மேனேஜர் ஆனதும் ஒவ்வொரு முறையும் அவளை வேலையை விடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் “பாக்கலாம்ட்டி” என்றாள். அறுபது தாண்டியும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாங்கிய ஃபிளாட்டுக்கு எதிர் வீடு அம்மா வேலை செய்யும் கம்பெனியின் முதலாளி வீடு. இரண்டு ஃபிளாட்டை ஒன்றாக இணைத்து வைத்திருந்தார். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்துதான் ஏழாவது மாடியைக் கேட்டு வாங்கினேன். செக்கிங் மேசையில் நின்ற பெண்ணின் மகள் முதலாளிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பெருமையாக இருக்காது? அப்படித்தான் நினைத்தேன். அட்வான்ஸ் கொடுத்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எத்தனாவது மாடி?”

“ஏழும்மா.”

“அவியளும் ஏழா?”

“ஆமா. நேர் எதுத்தாப்ல.”

“லிஃப்டு ஒண்ணா ரெண்டா?”

“ரெண்டு இருக்கு.” வசதிகளைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து நீச்சல்குளம், ஜிம், ஜெனரேட்டர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் அதில் எதையும் கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

சாவி கொடுக்கும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பில்டரின் இன்ஜினியர் வந்திருந்தார். குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். நானும் கணவரும் சுவரைத் தட்டிப் பார்த்தோம், குழாயைத் திறந்து பார்த்தோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றோம். ஆயிரம் சாம்பிளைப் பார்த்தவள் நான். சாம்பிள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், புரொடக்‌ஷனில்தான் வண்டவாளம் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள். சொந்த வீடு என்று வந்ததும் மாதிரி ஃபிளாட்டைப் பார்த்த மயக்கம் அப்படியே கண்ணில் இருந்தது.

அம்மா ஒன்றும் பேசாமல் இடது பக்கச் சுவரிலிருந்து ஆரம்பித்தாள். பனியனைப் பார்ப்பது போலத்தான். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். இடுப்பில் சொருகியிருந்த சின்னப் பர்ஸிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல் ஒன்றை எடுத்தாள். விரிசல் விட்ட டைல்ஸுக்கு ஒன்று. பெயிண்ட் திட்டாக இருந்த இடத்துக்கு ஒன்று. ஜன்னல் சட்டம் கோணலாக இருந்த மூலைக்கு ஒன்று. கதவுக் கீல், சுவிட்ச் பெட்டி, குளியலறைத் தரையின் வாட்டம். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கச் சிவப்பு அம்புகள். இன்ஜினியர் பின்னாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போனார். “இவங்களை எங்க சைட்டுக்கு அனுப்புங்க மேடம்,” என்றார். கணவர் சிரித்தார். எனக்கு அன்று அம்மாமேல் வந்த பெருமையை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி வந்தார். எதிர்வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களை வாங்க என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். அரைக்கால் டவுசர், கையில்லாத பனியன். அவர் கம்பெனிப் பனியன்தான்.

“வாங்க வாங்க அம்மிணி. நல்லாருக்கறீங்ளா? உங்களோட பழகுன ஆளுக பூரா சொன்னாங்க, நீங்க இங்க வர்றீங்கன்னு. அட, இவிங்க நம்ம கம்பெனி அம்மால்லங்க?”

அம்மா கையிலிருந்த ரோலை முந்தானைக்குள் மறைத்தாள். அவர் சுவரைப் பார்த்தார். பக்கத்தில் போய் ஒரு அம்பைத் தொட்டுப் பார்த்தார்.

“இதென்னுங்க, நம்ம கம்பெனி ஸ்டிக்கராட்டம் இருக்குதுங்ளே!” சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “பில்டர்காரன் மாட்டுனான் போங்க. நம்மாளு கிட்ட ஒண்ணும் தப்பாதுங்க.”

அவர் போனதும் அம்மா சுவர் சுவராகப் போய் நகத்தால் ஸ்டிக்கர்களை உரிக்க ஆரம்பித்தாள். இன்ஜினியர் “இருக்கட்டும்மா, அதை வச்சுத்தான் வேலை பாப்போம்” என்று கெஞ்சியும் நிற்கவில்லை. அது ரோலின் கடைசிச் சுற்று. நூறு ஸ்டிக்கர்கூட மிஞ்சியிருக்காது. கம்பெனியில் இப்படி மிஞ்சுவதைக் குப்பையில்தான் போடுவார்கள், இல்லையென்றால் யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், பிள்ளைகள் நோட்டில் ஒட்டி விளையாடும். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் மறுநாள் கடையில் புது ரோல் ஒன்றை வாங்கி, கம்பெனி ஸ்டோரில் யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு வந்தாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். “பைத்தியமா உனக்கு?” என்று கேட்டேன். பிறகு அதை மறந்துவிட்டேன்.

குடிவந்தோம். இடம் குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கில் பார்ப்பது வேறு, சாமானைத் தூக்கிக்கொண்டு நிற்பது வேறு. தேக்கு பீரோ லிஃப்டுக்குள் போகவில்லை, படியிலும் திரும்பவில்லை, வந்த லாரியிலேயே திரும்பிப் போய் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கியது. சாப்பாட்டு மேசையைக் கொடுத்துவிட்டு மடக்கு மேசை வாங்கினோம். கணவர் குளித்துவிட்டு வரும் வழியில் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தால் ஒருவர் கட்டிலில் ஏறித்தான் இன்னொருவருக்கு வழி விட வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது அறை. அதிலேயே எங்கள் துணிமணி அலமாரி, சூட்கேஸ்கள், அயர்ன் டேபிள். அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டில் நடக்கலாம். நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கினால் புல்வெளி, மேலே போனால் நீச்சல்குளம், லிஃப்டில் ஏறினால் குட்மார்னிங் சொல்ல ஒரு ஆடிட்டர். வீட்டுக்குள் இல்லாத இடத்தை வெளியே எடுத்துக்கொண்டேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த வீக்கம் பிடித்துத்தான் இருந்தது.

அம்மாவால் வெளியே இருந்த இடத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை. முதலாளி காலை எட்டு மணிக்குக் கிளம்புவார். அம்மாவுக்கு வேலை எட்டரைக்கு, அவளும் அதே நேரத்தில்தான் கிளம்ப வேண்டும். வீரபாண்டியில் கம்பெனி வேன் வாசலுக்கு வரும். இங்கே வேன் இல்லை, பஸ் பிடிக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் காரை நிறுத்தி, “ஏனுங்கம்மா, ஒரே எடத்துக்குத்தான போறோம், ஏறுங்க, போயர்லாம்,” என்றிருக்கிறார். “இல்லீங்க மொதலாளி, கோயிலுக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, அன்று போக நினைக்காத சர்ச்சின் வழியில் அரை கிலோமீட்டர் நடந்திருக்கிறாள். சர்ச்சைத்தான் அவள் கோயில் என்பாள். மறுநாளிலிருந்து ஆறே முக்காலுக்கே கிளம்பிவிட்டாள். லிஃப்டில் ஏறமாட்டாள். லிஃப்ட் கதவு திறக்கும்போது உள்ளே அவர் நின்றால் என்ன செய்வது என்று பயம். மூட்டு வலியோடு ஏழு மாடிப் படி.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. காலை ஆறரை. அம்மா சர்ச்சில் எட்டு மணிப் பூசைக்குப் போவதற்கு முன் கீழே தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தேன், காற்றாட இரு என்று. நான் பால்கனியில் காபியோடு நின்றேன். முதலாளி நடைபாதையில் வாக்கிங் வந்தார். பெஞ்சை நெருங்கியதும் அம்மா எழுந்து நின்றாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்தாள். நான்கு நிமிடத்தில் அடுத்த சுற்று வந்தார். எழுந்து நின்றாள். மறுபடி கையைக் காட்டினார். மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று. பூசையில்கூட அவள் இத்தனை முறை எழுந்து உட்கார்ந்ததில்லை. ஆறாவது சுற்றில் அவர் பெஞ்சுப் பக்கம் வராமல் ஜெனரேட்டர் ரூமைச் சுற்றிக்கொண்டு போனார். பாவம், அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அம்மாமேல். யார் யார் அதைப் பார்த்திருப்பார்கள் என்று மற்ற பால்கனிகளை நான் எண்ணிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலே வந்ததும் ஆரம்பித்தேன். “நீ இங்க வேலைக்காரி இல்ல. இந்த வீட்டுக்காரி. அவர் எதிர்வீட்டு ஆளு, அவ்வளவுதான். உக்காந்திருந்தா தலையையா சீவிருவாரு?”

“நீ எதிர்வீடுட்டி. நான் அவியகிட்ட வேலை பாக்கேன்.”

“அப்ப வேலையை விடு.”

“எதுக்கு விடணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“நான் சம்பாதிக்கிறது பத்தலையா?”

“ஒஞ் சம்பாத்தியம் ஒனக்குட்டி,” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அடுத்த ஞாயிறு அவள் கீழே போகவில்லை. தன் அறையில், சூட்கேஸ்களுக்கும் அயர்ன் டேபிளுக்கும் நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பிளாக்கின் ஏ.சி. அனல்தான் உள்ளே வரும். இப்படியே போனால் அவள் எங்களோடு இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வயதிலிருந்து ஒரு நாள்கூட நான் அவளைப் பிரிந்து இருந்ததில்லை. ஹாஸ்டல் வேண்டாம் என்று உள்ளூர்க் கல்லூரியில் படித்தவள் நான். கல்யாணப் பேச்சிலேயே அம்மா என்னோடுதான் இருப்பாள் என்று நிபந்தனை போட்டவள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் லிஃப்டில் நானும் முதலாளியும் மட்டும். அவர் தானாகவே பேசினார்.

“எங்க தோட்டத்து ஊடு பெரிய ஊடுங்க, பன்னெண்டு அங்கணம். பசங்க ரண்டு பேரும் வெளிநாட்டுல. ஊட்டுக்காரிக்கு முட்டி வலி, படியேற முடியல, பேசறதுக்கு ஆளுமில்லீங்க. அதுதான் இங்க வந்துட்டனுங்க. இங்கீமு பேச ஆளில்லீங்க, அது வேற,” என்று சிரித்தார். பிறகு, “அம்மா என்னயப் பாத்தா எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கறாங்க. எனக்குச் சங்கட்டமா இருக்குதுங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்க அம்மிணி.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். யோசித்து வைத்திருந்து சொன்னதாகவும் இல்லை, யோசிக்காமல் சொன்னதாகவும் இல்லை.

“நான் சொன்னா கேக்கமாட்டாங்க சார். வயசாயிடுச்சு, முட்டியும் முடியல. நீங்களே வேலையிலருந்து நிறுத்திட்டீங்கன்னா வீட்டுல நிம்மதியா இருப்பாங்க. நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம்.”

“அதுக்கென்னுங்க. நானே நெனச்சனுங்க, இந்த வயசுல எதுக்குன்னு. நீங்க சொல்லிப்போட்டீங்கல்ல, நல்லபடியா அனுப்பி வெக்கறனுங்க. உடுங்க, நாம் பாத்துக்கறேன்.”

கதவு திறந்தது. அவர் என்னை முதலில் இறங்கச் சொல்லி ஒதுங்கி நின்றார். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு முதலாளியிடம் சமமாக நின்று ஒரு காரியத்தைப் பேசி முடித்துவிட்டேன். பையரிடம் டெலிவரி தேதியைத் தள்ளி வாங்கியது போல.

அவர் சொன்னபடியே நல்லபடியாகத்தான் செய்தார். சனிக்கிழமை அம்மாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு பட்டுப்புடவையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து, சேரவேண்டியதற்கு மேலேயே கொடுத்து, தன் காரிலேயே வீடு வரை அனுப்பி வைத்தார். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவைப் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

“வேலையை விட்டு நிப்பாட்டிட்டாவட்டி.”

நான் தெரியாததுபோல் கேட்டேன். அதற்கு நான் பட்ட கஷ்டம் ஒன்றுமில்லை, மெர்ச்சண்டைசர் வேலையில் அது தினப்படிப் பழக்கம். “ஏம்மா? என்ன சொன்னாரு?”

“வயசாயிட்டு, ஓய்வு எடுங்கன்னாவ. அது சும்மா. என்னையவிட மூத்தவ ரெண்டு பேரு இன்னும் நிக்காளுவ.” பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அந்த ஸ்டிக்கரை அவிய மறக்கலட்டி. திருடின்னு வாய்விட்டுச் சொல்லாம மரியாதையா அனுப்பிட்டாவ. புண்ணியவான்.”

அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளாக ஆக மறந்துவிடுவாள் என்று இருந்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று கணவரிடம் சொன்னேன். “நீ பிடிச்சது பிள்ளையாரே இல்ல,” என்றார் அவர். அவர் அப்படி என்னிடம் பேசுவது அபூர்வம்.

அம்மா சோற்றைப் பாதி மிச்சம் வைத்தாள். பூசைக்குப் போகவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் தன் அறைக்குள் போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் குளித்து, வெள்ளையில் நீலப் பூப்போட்ட நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“எதிர்வீட்டுக்கு. மொதலாளி வீட்டம்மா கால்ல விழுந்து சொல்லிட்டு வந்துருதேன். ரோலை வாங்கித் திரும்ப வச்சிட்டேன்னு அவியளுக்குத் தெரியாதுல்லா. வேலை வேண்டாம். அந்தப் பேரு மட்டும் வேண்டாம்.”

கதவுக் கைப்பிடியில் அவள் கை இருந்தது. அந்த வீட்டில் ஹாலுக்கும் வாசலுக்கும் நான்கே எட்டு. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்ட், முட்டி, நீங்களே நிறுத்திடுங்க, நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம், எல்லாம். சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை.

“அப்ப அவிய என்னையத் திருடின்னு நினைக்கலியா?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

அவள் முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். அந்த ஒரு நிமிடம் நான் தப்பித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அதன்பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ ஒரு வார்த்தை சொன்னதும் அவிய கேட்டுட்டாவளா?”

நான் அவள் கையை விட்டேன்.

“இருவத்திரண்டு வருசம். ஒன் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டேன். ரெண்டு நாள்தான் குடுத்தாவ. நீ லிஃப்ட்ல வச்சு ஒரு வார்த்தை சொன்னதும் என் சோத்தை நிப்பாட்டிட்டாவ.” குரல் உயரவே இல்லை. “பெரிய ஆளாத்தான் ஆயிருக்க.”

“நான் போய்ப் பேசறேம்மா. திரும்ப எடுத்துக்கச் சொல்றேன். இப்பவே பேசறேன்.”

“நீ சொல்லி வேலை போனது போதும். நீ சொல்லித் திரும்ப வர வேண்டாம்,” என்றாள். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு வேலை தேடிக் கிளம்பிவிட்டாள். முதன்முறையாக லிஃப்டில் இறங்கினாள்.

இரண்டே வாரத்தில் முதலிபாளையத்தில், சிறுதொழில் பேட்டைக்குள் இருக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை கிடைத்தது. பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, எட்டு வீட்டுக்குப் பொதுவாகக் குளியலறை. நானும் கணவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. புடவையையும் கடிகாரத்தையும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள். அவள் இருந்த அறையில் இப்போது மடக்கு மேசையை விரித்தே வைத்திருக்கிறோம். நான் லேப்டாப்போடு உட்கார நல்ல இடம். முதலாளி பார்க்கும்போதெல்லாம் “அம்மா ஊட்டுல சௌக்கியமா இருக்கறாங்ளா?” என்று கேட்கிறார். சௌக்கியம் என்கிறேன்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். முதல் முறை போவதற்கு முன்பே போனில் சொல்லிவிட்டாள், காரைப் பேட்டை முனையில் போட்டுவிட்டு நடந்து வா, ஆபீசுக்குப் போட்டுக்கொள்கிற சேலை வேண்டாம் என்று. ஏன் என்று கேட்டேன். “இங்க யாருக்கும் தெரிய வேண்டாம்ட்டி. மக மேனேஜருன்னு தெரிஞ்சா, இவளுக்கு எதுக்கு வேலைன்னு இவனும் நிப்பாட்டிருவான்.”

போன ஞாயிறு நான் போனபோது பக்கத்து அறைப் பெண் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ராமநாதபுரத்துப் பக்கமாம், முப்பது வயது இருக்கும். அம்மா எனக்கு டம்ளரில் டீ கொடுத்தாள்.

“மகளாக்கா?” என்று அந்தப் பெண் அம்மாவைக் கேட்டாள்.

“ஆமா. இவளும் செக்கிங்தான் பாக்கா.”

“எந்தக் கம்பெனிலக்கா?” இம்முறை என்னைக் கேட்டாள். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

“பீஸ் ரேட்டா, ஷிஃப்டா?”

“ஷிஃப்ட்.”

“தினம் ஒன்றரை ஷிஃப்ட் ஓடுதா?”

“ஓடுது.”

“அப்புறம் எதுக்கு அம்மாவைத் தனியா விட்டிருக்கீங்க? இங்கயும் ஆள் எடுக்காங்க. நீங்களும் வந்துட்டா இந்த ரூம்லயே ஒண்ணா இருந்துக்கிடலாம்ல?”

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் பதில் சொன்னாள்.

“அவ வரமாட்டா.”